அறிமுகம்

ஓனரிடம் நேராகப் பேசிவிடாதீர்கள் என்றார் மணவாளன்.
பேசினால் காரியம் கெடும்.
மனுஷன் முன்கோபி.
ஐம்பத்திரண்டுக்கு ஒரு ரூபாய் குறைத்துக் கேட்டாலும்
கதவைச் சாத்திவிடுவார்.

கட்டபெட்டிலிருந்து வீட்டுக்கு இறங்க
எழுபத்தோரு படி.
இருபதுக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார்,
நின்ற இடத்திலெல்லாம் எதையாவது காட்டினார்.
அதோ பள்ளத்தாக்கு, இதோ தேயிலை,
இந்தக் காத்துக்கே தனியா விலை சொல்லலாம் மேடம்.
நான் பார்த்தது அவர் செருப்பை.
இடது குதி மட்டும் தேய்ந்து
அட்டைபோல் மெலிந்திருந்தது.

மூன்று முறை வந்தேன்.
மூன்று முறையும் ஓனர் வீட்டில் இல்லை.
ஊட்டி போயிருக்கார். ஆஸ்பத்திரி போயிருக்கார்.
இப்பத்தான் கிளம்பினார்.
அடுப்பில் பால் இன்னும் சூடாக இருந்தது.

நான்காம் முறை யாருக்கும் சொல்லவில்லை.
திருப்பூரில் முதல் பஸ்.
பையில் அளவு நாடாவும்
விலையைக் குறைக்க ஒரு பட்டியலும்:
ஈரம், விரிசல், கறையான்.

கதவைத் திறந்தவர் கையில் பாதி சீவிய கேரட்.
"நீங்களா அந்தக் கறார் அம்மா?"
நாற்பத்தாறுக்கு மேல் பேச்சே கிடையாதென்று
நான் சத்தியம் செய்திருக்கிறேனாம்.

நான் நாற்பத்தொன்பது சொல்லிப் பத்து நாளாயிற்று.
அவரும் நாற்பத்தொன்பது போதுமென்று சொல்லிப்
பத்து நாளாயிற்று.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
பிறகு சிரித்தோம்,
உள்ளறையிலிருந்து அவர் மனைவி என்ன என்ன என்று கேட்க,
முழங்காலை நீவியபடி அவரும் வந்து உட்கார,
மறுபடி முதலிலிருந்து.

சற்குணம் அவர் பெயர்.
முப்பது வருஷம் டீமேக்கர்.
கோப்பையை உறிஞ்சுகிற சத்தத்தில்
சுவர்க்கடிகாரம் கேட்கவில்லை.
உறிஞ்சிக்கொண்டே சொன்னார்:
தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை.
வடக்குச் சுவர் ஐப்பசியில் அழும்,
சுண்ணாம்பு நிற்காது.
காட்டெருமை வந்தால் விளக்கைப் போடாதீர்கள்,
அதுவாகப் போகும்,
வேலியில் ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு.

என் பட்டியலை நான் வெளியே எடுக்கவே இல்லை.
ஒருவர் தானாகச் சொல்லிவிட்ட ஓட்டையைக் காட்டி
எப்படிப் பேரம் பேச?

என் வீட்டுக்காரரின் நெஞ்சில்
பஞ்சுத் தூசி படிந்திருப்பதை
மணவாளனிடம் சொன்னதில்லை,
அவசரக்காரி என்று தெரிந்தால் விலை ஏறும்.
இவரிடம் சொன்னேன்.
இந்தக் குளிரில் இனி இந்த அம்மாவால்
படி ஏற முடியாது,
சித்திரைக்குள் மேட்டுப்பாளையம் போயாக வேண்டும்
என்று அவரும் சொன்னார்.
இரண்டு பேரும்
கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்துவிட்டு
ஆடத் தெரியாதவர்கள்போல உட்கார்ந்திருந்தோம்.

கமிஷனை என்ன செய்வது?
கொடுத்துவிடுவோம் என்றார்,
அந்த ஆள் எழுபத்தோரு படி
எத்தனை தடவை இறங்கியிருப்பான்.
நாம் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டாம்.

அதன்பிறகு வாரம் இரண்டு முறை போன்.
வில்லங்கச் சான்று வந்ததா,
கேஸ் கனெக்‌ஷன் யார் பேரில்,
கேரட் விதை போட்டிருக்கிறேன், அது உங்களுக்கு.
ஒருநாள் ஒரு வேலையும் இல்லாமல்
மழை பெய்கிறது என்று சொல்ல மட்டும் கூப்பிட்டார்.

இன்று கோத்தகிரி பத்திர ஆபீஸ்.
மணவாளன் சலவைச் சட்டையில் நடுவில் நின்றார்.
சார், இவங்கதான் வாங்குறவங்க.
மேடம், இவர்தான் ஓனர்.
உங்க ரெண்டு பேரையும் ஒரு இடத்துல நிறுத்த
நான் பட்ட பாடு!

வணக்கம் என்றேன்.
வணக்கம்மா என்றார், கண்ணில் சிரிப்பு தளும்ப.
விரலை ரேகைக் கருவியில் வைத்து எடுக்கும்போது
மறந்துபோய்க் கேட்டுவிட்டார்:
"வீட்டுக்காரருக்கு இருமல் குறைஞ்சுதா?"

மணவாளன் என்னைப் பார்த்தார்.
அவரைப் பார்த்தார்.
பிறகு ஜன்னலுக்கு வெளியே
வெகுநேரம் மஞ்சுமூட்டத்தைப் பார்த்துவிட்டு,

"டீ சொல்லட்டுமா," என்றார், "மூணு?"